நெல்லுச்சாமியிடம் தோற்பவர்

எங்கள் தீவுக் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஜெயிக்க வருகிறவர்கள். பேஸ்பால் குழுக்கள் பஸ் பிடித்து வருகின்றன. பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்து வருகிறார்கள். தேர்தல் வந்தால், ஒரே தொகுதியில் எதிரெதிராக நிற்கிற இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வந்து, ஒரே சாமி முன்னால் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டிக் கேட்டுக்கொண்டு போவார்கள். பழைய காலத்துப் போர்வீரர்கள் சண்டையில் ஜெயித்த பிறகு கொண்டுவந்து கொடுத்த கவசங்களும் வாள்களும் பின்பக்கக் கூடத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. தோற்றவர்கள் எதையும் கொண்டுவந்து கொடுத்ததாகத் தெரியவில்லை.

வெற்றித் தாயத்து விற்கிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் நான். தாயத்தை நீட்டும்போது "ஜெயிச்சிருவீங்க" என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிப்பட்ட சாமியின் வாசலில், வருஷத்துக்கு ஒரு நாள், தோற்பதற்கென்றே ஒருவர் வருகிறார். அவர் பெயர் அகாசே தமோட்சு. வயது ஐம்பத்து நான்கு. ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்துக் கொட்டகையில் பழம் தரம் பிரிக்கிற எந்திரத்தையும் அவர்தான் ஓட்டுகிறார். நடவுத் திருவிழா அன்று, மழைக்காலத்தின் நடுவில், கோயில் முன்னால் போட்ட மண் களத்தில் வெறும் கச்சையோடு இறங்கி, கண்ணுக்குத் தெரியாத நெல்லுச்சாமியோடு சூமோ மல்யுத்தம் பிடிப்பார். மூன்று பிடி. முதல் பிடி சாமிக்கு. இரண்டாவது மனுஷனுக்கு. மூன்றாவது மறுபடியும் சாமிக்கு. சாமி ஜெயித்தால் சாமிக்குச் சந்தோஷம், அந்த வருஷம் கதிர் நன்றாகப் பிடிக்கும். தீவில் இன்று கோயில் வயலைத் தவிர நெல் போடுகிறவர்கள் பத்துப் பேர்கூடக் கிடையாது. மற்றதெல்லாம் ஆரஞ்சு. ஆனாலும் சாமி ஜெயிக்க வேண்டும்.

தமோட்சு பதினாறு வயதில் ஒசாகா பக்கம் ஒரு மல்லர் பயிற்சிக்கூடத்துக்குப் போனவர். ஊரே துறைமுகத்தில் நின்று கையசைத்து அனுப்பியது என்பார்கள். அப்போது தீவுக்குப் பாலம் வரவில்லை. மூன்று வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார். மல்லர் தரவரிசையில் கடைசியிலிருந்து இரண்டாவது படியைத் தாண்டி அவர் மேலே போகவில்லை. திரும்பி வந்ததைப் பற்றி அவர் சொல்கிற ஒரே வாக்கியம், "அங்க சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்பது. அதற்குப் பிறகு அப்பாவின் தோட்டம், கல்யாணம், மலைச்சரிவில் ஒற்றைத் தண்டவாள வண்டியில் பழப்பெட்டி ஏற்றி இறக்குவது. முப்பத்திரண்டு வயதில், முன்பு சாமியோடு பிடித்துக்கொண்டிருந்தவர் மகன் வீட்டோடு ஹிரோஷிமா போய்விட்டதால், கோயிலில் இவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "தோக்கணுமா? அது எனக்குத் தெரியும்" என்றாராம்.

தெரியும் என்பது உண்மைதான். மற்றவர்கள் செய்திருந்தால் காற்றைக் கட்டிப்பிடிக்கிற கூத்தாகப் போயிருக்கும். தமோட்சு பிடிக்கும்போது எதிரே ஆள் இருக்கும். அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாயும், அங்கே ஒரு தலை முட்டுகிறது என்று நமக்குத் தெரியும். அவர் விரல்கள் எதையோ பற்றி வெளுத்துப்போகும். களத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள், சாமி தங்கள் மேல் விழுந்துவிடுவார் என்று பின்னால் நகருவார்கள். ஒருமுறை துணிந்து, சாமி எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

"என்னைவிட ஒரு தலை கட்டை. இடதுகைக்காரர். என் கன்னத்துலதான் வந்து முட்டுவார்" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

எல்லோரும் ரொம்பவும் எதிர்பார்ப்பது மூன்றாவது பிடியின் முடிவைத்தான். சாமி தமோட்சுவின் கச்சையை மேலிருந்து பிடித்துச் சுழற்றி வீசுவார். நூற்றிருபது கிலோ உடம்பு காற்றில் திரும்பி, முதுகு மண்ணில் அடிக்க விழும். 'தொம்' என்ற அந்தச் சத்தம் என் ஜன்னல் வரைக்கும் வரும்.

அந்த வீச்சுக்கு அவர் வலது காலை ஊன்றி எம்ப வேண்டும். இந்த வருஷம் வலது முழங்கால் போய்விட்டது.

இது எனக்கு முடிதிருத்தும் கடையில்தான் தெரிந்தது. கடை குருஷிமாவுடையது. அறுபத்தெட்டு வயது, ஒல்லி, ஓயாத வாய். அவர்தான் அந்தப் பிடிக்கு நடுவரும். திருவிழா அன்று பட்டு உடையும் கறுப்புத் தொப்பியும் போட்டு, கையில் விசிறியோடு நிற்கும்போது வேறு ஆளாக இருப்பார். மற்ற நாளெல்லாம் கத்திரிக்கோல். அன்று நாற்காலியில் தமோட்சு. நான் வரிசையில் அடுத்தவன், ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏறும்போதே பார்த்தேன்டா. நாற்காலி கத்துச்சா, உன் முட்டி கத்துச்சா?" என்றார் குருஷிமா.

"நாற்காலிதான். எண்ணெய் போடுங்கண்ணே."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"யார் சொன்னா டாக்டர்கிட்டப் போனேன்னு?"

"உன் பொண்டாட்டி மீன்கடையில சொன்னா. மீன்கடையில சொன்னா அது ஊருக்குச் சொன்னதுதானே?"

தமோட்சு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உள்ள ஜவ்வு தேஞ்சுபோச்சாம். வெட்டிப் புதுசா வைக்கணுங்கறார்."

"அப்புறம் என்ன? இந்த வருஷம் விட்டுரு. ஜெயிக்கிற சாமி வீட்ல தோக்கறதுக்கா ஆள் கிடைக்காது? இந்தத் தம்பியை இறக்குவோம்."

என்னைக் கத்திரிக்கோலால் காட்டினார். என் எடை ஐம்பத்தாறு கிலோ. இரண்டு பேரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியபின் தமோட்சு சொன்னதை நான் மறக்கவில்லை. "அண்ணே, தோக்கறது பெரிசில்ல. முட்டி மடங்கி நான் விழுந்தேன்னு வைங்க, பார்க்கறவனுக்கு ஒரு வயசான ஆள் விழுந்ததுதான் தெரியும். சாமி ஜெயிச்சது தெரியாது. இருபத்திரண்டு வருஷம் பிடிச்சிட்டு, அவரை அப்படி அம்போன்னு விட்டுட்டுப் போக முடியாது. இந்த ஒரு தடவை ஒழுங்கா தூக்கிப் போட்டார்னா போதும், நானே விலகிக்குவேன்."

"காதைத் திருப்பு" என்றார் குருஷிமா, குரலை மாற்றிக்கொண்டு.

"பார்த்து வெட்டுங்க. அவர் முட்டற பக்கம்."

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் நிகழ்ச்சி நிரலைக் கொடுக்கச் சங்கத்துக் கொட்டகைக்குப் போனேன். பழம் இல்லாத காலம். எந்திரங்கள் மேல் துணி போர்த்தியிருந்தது. உள்ளே தொம் தொம் என்று சத்தம். பழைய மெத்தைகள் இரண்டைத் தரையில் போட்டு, தமோட்சு தன்னைத் தானே வீசிக்கொண்டிருந்தார். ஓரத்தில் கவிழ்த்த பெட்டி மேல் அவர் மனைவி இத்சுமி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தடுக்க முடியாதவர்கள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"வா தம்பி. நீ வருஷா வருஷம் பார்க்கிற ஆள். சொல்லு, இப்ப யார் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கு?"

மறுபடி பிடித்தார். கழுத்து சாய்ந்தது, விரல் வெளுத்தது, அதுவரை சாமி இருந்தார். எம்பும்போது வலது கால் உள்பக்கமாக மடங்கியது. சாக்குமூட்டை சரிகிற மாதிரி பக்கவாட்டில் போய் விழுந்தார்.

எனக்குப் பொய் சொல்ல நேரம் போதவில்லை. "யாருமே இல்லண்ணே" என்றேன்.

அவர் மெத்தையில் கிடந்தபடியே தலையாட்டினார்.

"பத்துக்கு மூணு நல்லா வருது" என்றார் இத்சுமி, காயிலிருந்து கண்ணெடுக்காமல். "மீதி ஏழும் இதான். அந்த மூணுல ஒண்ணு அன்னிக்கு வரணும்னு இவரு வேண்டிக்கறாரு. அதே சாமிகிட்டயே வேண்டறாரு, பாருங்க. எதிராளிகிட்டப் போய் நல்லாத் தூக்கிப் போடுங்கன்னு கேக்கற மனுஷனை வேற எங்கயாச்சும் பார்த்திருக்கீங்களா?"

"பட்டாணியை உரிடி" என்றார் அவர்.

"இது அவரை."

தலைமைப் பூசாரியும் தமோட்சுவைக் கூப்பிட்டுக் கேட்டார். என் ஜன்னலுக்குப் பின்னால்தான் அவர் அறை. "முடியுமா?" என்றார். "முடியும்" என்றார் இவர். பூசாரி அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் பெரியவர்கள் குழு, திருவிழா முடிந்ததும் அடுத்த வருஷத்துக்கு ஆளை முடிவு செய்யும் என்பதை மட்டும் சொன்னார்.

திருவிழா அன்று காலையில் தூறல். பத்து மணிக்கு நின்றது. கற்பூர மரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளை உடையில் நாற்று நடுகிற பெண் பிள்ளைகள் பதினாறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கரையிலிருந்து ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஜூடோ பெண்கள் குழு, மாநிலப் போட்டிக்குத் தாயத்து வாங்க வந்தவர்கள், என்ன நடக்கிறது என்று பார்க்கக் களத்தோரம் நின்றுவிட்டார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

தமோட்சு களத்தைச் சுத்தி செய்கிற உப்பை அள்ளி வீசினார். எதிர்ப்பக்கத்தில் சாமியும் வீசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். குந்தினார். குந்தும்போது அவர் முகம் மாறவில்லை. நான் பார்த்த வரை வலது உள்ளங்கை மட்டும் ஒரு கணம் முன்னதாகவே மண்ணைத் தொட்டது.

முதல் பிடி சுலபமானது. சாமி வந்த வேகத்தில் மார்பில் தள்ளினார், தமோட்சு இரண்டு கையும் மண்ணில் பட முன்னால் சரிந்தார். குருஷிமாவின் விசிறி, ஜெயித்த சாமிக்காக, காலியாக இருந்த பக்கம் நோக்கி உயர்ந்தது. கைதட்டல்.

இரண்டாவது பிடி மனுஷனுடையது. வழக்கம் என்னவென்றால், சாமி தமோட்சுவை, களத்துக்கு எல்லையாகப் பதித்த வைக்கோல் வடத்தின் விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார். விளிம்பில் இவர் இடுப்பைத் திருப்பிச் சாமியை வெளியே வீசுவார். பின்னால் போனார், போனார், குதிகால் வடத்தைத் தொட்டது. திரும்பினார். முழங்கால் மடங்கியது.

ஜெயிக்க வேண்டிய பிடியில் தமோட்சு மண்ணில் கிடந்தார்.

ஜூடோ பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தீவுக்காரர்கள் எல்லோருக்கும் புரிந்தது. இரண்டும் சாமிக்கு என்றால் மூன்றாவது பிடி கிடையாது. மனுஷன் ஒன்றுகூட ஜெயிக்காமல் பிடி முடிந்ததாக யாருக்கும் நினைவில்லை. அது நல்லதா கெட்டதா என்றுகூட யாருக்கும் தெரியாது. தலைமைப் பூசாரி ஆசனத்திலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றார். மரம் சொட்டுகிற சத்தம் கேட்டது.

எல்லாக் கண்ணும் குருஷிமா மேல். விசிறி இடுப்பளவில் நின்றது. அவர் தமோட்சுவைப் பார்க்கவில்லை. வடத்துக்கு வெளியே, கால்தடம் தெரிவதற்காகப் பெருக்கி வைத்திருக்கிற மணலைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, விசிறியைத் தமோட்சு பக்கம் உயர்த்தினார்.

"சாமியோட கால் முந்திருச்சு!" என்றார், களம் முழுக்கக் கேட்கிற குரலில்.

சூமோவில் அப்படி ஒரு சட்டம் உண்டு. எதிராளியை விளிம்பில் தள்ளிக்கொண்டு வருகிறவன், ஆசையில், அவன் விழுவதற்கு முன்னாலேயே தன் காலை வெளியே வைத்துவிட்டால் தோற்றது தள்ளியவன்தான். பெரிய மல்லர்களுக்கே நடக்கும். ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். சாமி அவசரப்பட்டுவிட்டார் என்பது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பூசாரி உட்கார்ந்தார்.

சிரிக்காதவர் தமோட்சு ஒருவர்தான். கையூன்றி எழுந்து, மணலை ஒருமுறை பார்த்துவிட்டு, காலியான பக்கத்துக்குத் தலை குனிந்தார்.

மூன்றாவது பிடி. அந்தக் காலை வைத்துக்கொண்டு எம்ப முடியாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இத்சுமி கூட்டத்தின் பின்னால், கையில் அவருடைய துண்டோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிடித்தார்கள். தலை கன்னத்தில் முட்டியது. இரண்டு பேரும் நடுக்களத்தில் அசையாமல் நின்றார்கள். ஒரு நிமிஷம் இருக்கும். தமோட்சுவின் முதுகில் வேர்வை மண்ணோடு சேர்ந்து ஓடியது. வீச்சுக்காகக் காத்திருந்தோம். வீச்சு வரவில்லை. அவர் கால்கள் மெல்லப் பின்னால் நகரத் தொடங்கின. தூக்கி வைத்த அடி இல்லை. பாதம் மண்ணோடு இழுபட்டு இரண்டு கோடு விழுந்தது. வண்டிக்குப் பின்னால் கட்டின காளை போகமாட்டேன் என்று நின்றால் எப்படி இழுபடுமோ, அப்படி. ஒரு சாண் போனார், நின்றார். மறுபடி ஒரு சாண்.

குதிகால் வடத்தில் பட்டதும் முதுகு வில்லாக வளைந்தது. அங்கே நின்றுவிட்டார். நிற்பதற்கு அவருக்கு எந்த அவசியமும் இல்லை. ஒரு அடி வெளியே வைத்தால் வேலை முடிந்தது. இடது கால் முழுப் பாரத்தையும் வாங்கி நடுங்கியது.

"விடாதீங்க!" என்று ஒரு ஜூடோப் பெண் கத்தினாள். "பிடிங்க, பிடிங்க! விடாதீங்க!"

அவளுக்கு வழக்கம் தெரியாது. அவள் கத்தியதும் மற்ற பெண்களும் கத்தினார்கள், பிறகு தெரிந்தவர்களும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஊர் அவரை ஜெயிக்கச் சொல்லிக் கத்தியது. நானும் கத்தியிருக்கிறேன் என்று பிறகு தொண்டை கரகரத்தபோதுதான் தெரிந்தது. அவர் பல் கடித்துக்கொண்டு நின்றார். எதிரே இருந்தவரின் பாரம் எவ்வளவு என்று அந்த முதுகில் தெரிந்தது. இதுவரை நான் பார்த்ததிலேயே சாமி அவ்வளவு கனமாக இருந்தது அன்றுதான்.

வலது குதிகால் வடத்தைத் தாண்டி மணலில் இறங்கியது. அவ்வளவுதான். விழவில்லை. நின்றபடியே வெளியே இருந்தார்.

கைதட்டல் நின்றபாடில்லை.

பிடி முடிந்து கோயில் அலுவலகத்தில் அவரை உட்கார வைத்து, மீன்கடை ஐஸை ஒரு துணியில் கட்டி முட்டியில் வைத்தோம். குருஷிமா பட்டு உடையோடேயே வந்து எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நிஜமாவே கால் வெளிய வச்சாரா?" என்றார் தமோட்சு.

"நான் நடுவர்டா. பார்த்ததைத்தான் சொல்வேன்."

"எந்தக் கால்?"

குருஷிமா கோப்பையைக் கீழே வைத்தார். எடுத்தார். "இடது" என்றார்.

தமோட்சு யோசித்தார். "சரிதான். அவர் எப்பவும் இடதுதான் முதல்ல போடுவார். எத்தனை தடவை சொன்னாலும் கேக்கமாட்டார்."

குருஷிமா என்னைப் பார்த்தார். நான் தாயத்துகளை அடுக்கத் தொடங்கினேன்.

தலைமைப் பூசாரி வந்ததும் தமோட்சு எழுந்திருக்கப் பார்த்தார். பூசாரி கையமர்த்தினார். "பெரியவங்க உக்காந்து பேசிட்டிருக்காங்க. நீங்க விலகறதா இருந்தீங்கன்னு குருஷிமா முன்னாடியே சொல்லியிருந்தார்."

"ஆமா, இருந்தேன். இப்ப இல்ல." தமோட்சு ஐஸ் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா நானேதாங்க எம்பிக் குதிச்சேன். இன்னிக்குக் குதிக்கல. அவரே தள்ளினாரு. நான் நிக்கணும்னுதான் நின்னேன், முடியல. அடுத்த வருஷமும் நான் வர்றேன். ஆனா இனிமே தூக்கிப் போடறது கிடையாது. தள்ளறதுதான்."

பூசாரி கொஞ்சம் தயங்கினார். "அந்த 'தொம்' சத்தத்துக்குன்னே வர்றவங்க இருக்காங்க. ஏன் தூக்கிப் போடலன்னு பெரியவங்க கேப்பாங்களே."

"கேட்டா, சாமிக்கும் வயசாச்சுன்னு சொல்லுங்க."

பூசாரி சிரிக்கக் கூடாத உடையில் இருந்தார். ஆனாலும் சிரித்துவிட்டார். அதே சிரிப்போடு பெரியவர்கள் இருந்த அறைக்குப் போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, "சரின்னுட்டாங்க. அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார்.

வெளியே இத்சுமி மினி லாரியைக் கொண்டுவந்து வாசலோடு நிறுத்தியிருந்தார். குருஷிமாவும் நானும் ஆளுக்கு ஒரு தோளைக் கொடுத்தோம். என் தோள் பேருக்குத்தான். கதவைப் பிடித்துக்கொண்டு தமோட்சு மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷமும் வர்றேன்னுட்டேன்."

"கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு." துண்டை அவர் கழுத்தில் போட்டார். "செப்டம்பர்ல ஆபரேஷன். பழம் பறிக்கறதுக்கு முன்னாடி. டாக்டர்கிட்ட நாளைக்கே தேதி வாங்கறேன். அதுக்கு ஒத்துக்கிட்டா அடுத்த வருஷம் வந்து தாராளமாத் தோத்துக்குங்க."

"செப்டம்பரா? மருந்தடிக்கற நேரமாச்சேடி."

"அப்ப நான் உள்ள போய்ப் பூசாரிகிட்டப் பேரை அடிக்கச் சொல்றேன்."

அவர் மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குருஷிமா வானத்தைப் பார்த்தார்.

"செப்டம்பர்" என்றார் தமோட்சு. நல்ல காலை முதலில் உள்ளே வைத்து ஏறினார்.